ராணுவ அணி வரலாமா? நான் பதினோரு நிமிடம் பேசிய விவகாரம்

1

இந்தத் தீவில் நான் வந்திறங்கி நான்கு ஆண்டுகள் நிறைந்த அதே வாரத்தில் எனக்கு இங்கே முதல் மேடை கிடைத்தது. அந்த மேடையை நான் எவ்வாறு பாழாக்கினேன் என்பதை ஊரார் என் வாயாலேயே அறிந்துகொள்வது நல்லது. வேறு யாராவது சொன்னால் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கல்லூரிப் பேச்சுப் போட்டிகளைக் கேட்டவர்கள் என்னை மறந்திருக்க முடியாது. மறந்திருந்தால் அது அவர்களுடைய குறை. தலைப்பைக் கொடுத்ததும் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: "ஆதரவாகவா, எதிராகவா?" எந்தப் பக்கம் கிடைக்கிறதோ அதுவே அடுத்த இருபது நிமிடங்களுக்கு என் உயிர்க்கொள்கை. ஒருமுறை காலையில் கூட்டுக்குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டு, மாலையில் வேறொரு கல்லூரியில் அதையே இடித்துத் தள்ளினேன். இரண்டிலும் முதல் பரிசு.

அப்படிப்பட்டவன் இன்று அயர்லாந்தின் வட எல்லைக்கு ஒன்பது மைல் தெற்கே, ஒரு மருந்து ஆலையில், மற்றவர்கள் நிரப்பிய படிவங்களில் தேதி விடுபட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் மனைவி ஜெயா இங்கே செவிலியர். அவளுக்கு வேலை கிடைத்தது. எனக்கு அவளோடு வர அனுமதி கிடைத்தது. அயர்லாந்துக்காரர்கள் வாயாடிகள் என்று கேள்விப்பட்டு ஆவலோடு வந்தேன். மழையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள், உண்மைதான். ஆனால் மனத்தில் இருப்பது எதுவோ அதன் அருகில் பேச்சு வந்துவிட்டால், அரை வாக்கியத்தில் நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்க்கிறார்கள். மீதி வாக்கியத்தை நான் முடித்துக் கொடுப்பேன். அதற்கு யாரும் நன்றி சொன்னதில்லை.

2

எங்கள் மகள் யாழினிக்கு ஆறு வயது. அவள் இந்த ஊர் விளையாட்டுக் கழகத்தில் 'கேலிக்' (Gaelic) எனப்படும் அயர்லாந்துக் கால்பந்து ஆடுகிறாள். பந்தைக் கையாலும் தொடலாம், காலாலும் உதைக்கலாம். இலக்கின் குறுக்குக் கம்பத்துக்கு மேலே அடித்தால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் அடித்தால் மூன்று. இதில் யாருக்கும் சம்பளம் கிடையாது. பிறந்து வளர்ந்த ஊருக்குத்தான் ஆட வேண்டும் என்பது இவர்களுடைய எழுதாத சட்டம். யாழினியிடம் "நீ எந்த ஊர்?" என்று கேட்டால் இந்த ஊரைத்தான் சொல்கிறாள். ராஜபாளையம் அவளுக்கு, வீடியோ அழைப்பில் பின்னால் நாய் குரைக்கும் ஓர் இடம்.

பிள்ளைகளின் பயிற்சியில் பந்துப் பையைத் தூக்கிவர நானும் முன்வந்தேன். அதற்குக் காவல் துறையின் நன்னடத்தைச் சான்று வேண்டுமாம். பிறந்தது முதல் வசித்த எல்லா முகவரிகளையும் எழுத வேண்டும். "வாய்க்கால் பக்கம், கீழ்வரிசை, கடைசி வீடு" என்று எழுதினேன். வீட்டு எண் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். எண் கிடையாது என்று ஒரு பக்கத்துக்கு விளக்கினேன். அதையும் திருப்பி அனுப்பினார்கள். ஏழு மாதங்களுக்குப் பிறகு, பந்துப் பையைத் தூக்கத் தகுதியானவன் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது.

பயிற்சியாளர் பெயர் பேட்ரிக். அறுபது வயதை ஒட்டியவர். இந்த ஊரில் பந்து உதைக்கத் தெரிந்த எல்லோருக்கும் உதைக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவரே. ஒரு நாளைக்குப் பதினைந்து சொற்களுக்கு மேல் செலவழிக்க மாட்டார். நான்காண்டுகளில் என்னைப் பாராட்டியது ஒரே தடவை: "பை கனமாத்தான் இருக்கும்."

கழகத்தின் செயலாளர் நோரா, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஒரு செவ்வாய்க்கிழமை வண்டி நிறுத்துமிடத்தில் என்னைப் பார்த்து, ஒரு கடிதம் வந்திருக்கிறது என்றார். அதன் பொருளை விளங்கிக்கொள்ளச் சிறிது பின்னணி வேண்டும்.

நம் ஊரில் வெள்ளைக்காரன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். வெள்ளைக்காரனையே வெள்ளைக்காரன் நூற்றாண்டுக் கணக்கில் ஆண்டான் என்பது இங்கே வந்துதான் எனக்கு உறைத்தது. கடலுக்கு அக்கரையிலிருந்து வந்து நம்மை ஆண்டவர்கள் இவர்களை அதற்கு முன்பே ஆண்டிருக்கிறார்கள். அதனால் அக்கரை ராணுவத்தில் இருப்பவர்கள் இந்த விளையாட்டுகளில் உறுப்பினராகவே முடியாது என்று நெடுங்காலம் விதி இருந்தது. அந்த விதியை எடுத்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இப்போது அக்கரை ராணுவத்தில் சேர்ந்திருக்கும் அயர்லாந்து இளைஞர்கள் தமக்கென ஓர் அணி வைத்திருக்கிறார்கள். அந்த அணி எங்கள் மைதானத்துக்கு வந்து ஒரு நட்பு ஆட்டம் ஆட அனுமதி கேட்டிருந்தது. அதில் ஆடுகிறவர்களில் ஒருவன் நோராவின் மகன் கானர். ராணுவத்தில் சேர்ந்த நாள் முதல் ஐந்து ஆண்டுகளாக அவன் சொந்த ஊர் மைதானத்தில் காலை வைக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை.

"கூட்டம் போட்டு முடிவு பண்ணணும்" என்றார் நோரா.

என் நாடி நரம்பெல்லாம் நிமிர்ந்தன. "எந்தப் பக்கத்துக்குப் பேச்சாளர் குறைவு?" என்று கேட்டேன்.

நோரா தலையசைத்து மறுத்தார். "இதுல பக்கம்னு எதுவும் இல்லை. பேட்ரிக் இருக்காரு, அவ்வளவுதான்."

பிறகு அந்தக் கதையைச் சொன்னார். பேட்ரிக்குக்குப் பத்தொன்பது வயதில், எங்கள் கழகம் தன் வரலாற்றிலேயே ஒரே ஒரு முறை இறுதியாட்டத்துக்குப் போனது. மைதானம் எல்லைக்கு அந்தப் பக்கம், இன்றும் அக்கரை ஆட்சியில் இருக்கும் வடபகுதியில். வழியில் சோதனைச் சாவடியில் அக்கரை ராணுவச் சிப்பாய்கள் பேட்ரிக்கை மட்டும் இறக்கி, பூட்ஸைக் கழற்றச் சொல்லி, அதைச் சேற்றுநிலத்தில் எறிந்துவிட்டு, ஆட்டம் முடியும்வரை வெறுங்காலோடு சாலையோரத்தில் நிற்க வைத்தார்கள். "எங்க அண்ணன் அன்னிக்கு அதே டீம்ல இருந்தான், அதனால எனக்குத் தெரியும். பேட்ரிக் இதை யார்கிட்டயும் சொன்னதில்லை. நீங்களும்..." என்று நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தார்.

அந்த அரை வாக்கியத்தை மட்டும் நான் முடித்துப் பார்க்கவில்லை.

3

இந்தத் தலைப்பில் எனக்கு முன் அனுபவம் உண்டு என்பதால்தான் அவ்வளவு துள்ளினேன்.

நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது, வன்னியம்பட்டியில் நடக்கவிருந்த கபடிப் போட்டியில் சேர ஒரு போலீஸ் டீம் விண்ணப்பித்தது. சேர்ப்பதா வேண்டாமா என்று விழாக் கமிட்டி பிளவுபட்டு, ஊர்க்கூட்டம் கூட்டி, பேசுவதற்கு என்னை அழைத்தது. நான் ஆதரவு. "காக்கியைக் கழற்றிவைத்துவிட்டுக் கோட்டைத் தாண்டுகிறவன் காவலன் அல்லன், ஆட்டக்காரன், களத்து மண்ணுக்குப் பதவி தெரியாது" என்று இருபத்திரண்டு நிமிடம் முழங்கினேன். கைதட்டல் ஓயவில்லை. கமிட்டித் தலைவர் தம் தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து எனக்குப் போர்த்தினார். அந்தத் துண்டு அயர்லாந்துவரை என்னோடு வந்திருக்கிறது. இப்போது யாழினி பயிற்சிக்குப் பிறகு அதில் கால் துடைக்கிறாள்.

அந்த ஊர் அணியில் பாடிப் போகிறவன் என் நண்பன் மாரிச்சாமி. அதற்கு முந்தைய ஆண்டு யாரோ போட்ட ஒரு சண்டைக்கு ஆள் மாற்றி அவனை அழைத்துப்போன ஒரு காவலர், உள்ளங்கையில் லத்தியால் அடித்த அடியில் அவனுடைய இடதுகை விரல்கள் இரண்டு இன்றுவரை முழுதாக மடங்குவதில்லை. அந்தக் காவலர் அந்த டீமில் இருந்தார். அது எனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். வீண் வம்பு வேண்டாம் என்று கமிட்டி மாரிச்சாமியை அணியிலிருந்து நிறுத்திவிட்டது. போலீஸ் டீம் கோப்பையோடு போனது.

மறுநாள் சைக்கிளை உருட்டிக்கொண்டே மாரிச்சாமி கேட்டான். "நல்லாத்தாம்லே பேசின. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இதுவரை எழுதியதில்லை. "அது தலைப்புல வரலையேலே" என்றேன்.

4

கூட்டத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதியம் மாரிச்சாமியை அழைத்தேன். அவன் இப்போது சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் துணி ஆலையில் மேற்பார்வையாளன். பின்னால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. விவரத்தைச் சொன்னேன்.

"அங்கயும் போயி ஆரம்பிச்சிட்டியாலே? அந்த ஊருக்காரங்க உனக்கு என்ன பாவம் பண்ணாங்க?"

"வெளாட்டு இல்லலே. இந்தத் தடவ நான் சரியாப் பேசணும்."

"அந்தப் பேட்ரிக்குங்கறவருகிட்டக் கேட்டியா? அவிய என்ன சொல்லுதாவ?"

"கேக்கணும்."

"பேச்ச எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"பொறவு என்னத்தக் கேக்கப்போற?" என்று சிரித்துவிட்டு, "தறி நூலு அத்துட்டு, வைக்கேன்" என்று வைத்துவிட்டான்.

அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. ஆதரவாக எழுதியிருந்ததைக் கிழித்தேன். வன்னியம்பட்டியில் செய்த தவற்றுக்கு இங்கே பரிகாரம் தேடுவதென்று முடிவு செய்து, எதிர்ப்பக்கத்துக்கு ஒரு புதிய உரை தயாரித்தேன். காயம் பட்டவரின் குரலாக நானே ஒலிப்பேன்! ஒரே இரவில் கட்சி மாறியது எனக்கு மனசாட்சியின் எழுச்சியாகத் தெரிந்தது. இன்று நினைத்தால், காலையும் மாலையும் கூட்டுக்குடும்பத்துக்குச் செய்ததைத்தான் மறுபடியும் செய்திருக்கிறேன். பேட்ரிக்கிடம் கேட்கத்தான் செய்தேன் என்பதையும் பதிவு செய்கிறேன். புதன்கிழமை பயிற்சியில் அருகே போய், "நாளைக்குக் கூட்டம்" என்றேன். "மழை வரும்" என்றார். அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

5

கழக அறையில் முப்பது பேர் இருந்தார்கள். ஓரமாகத் தேநீரும் சாண்ட்விச்சும். தலைவர் குழாய்ப் பணி செய்கிறவர். பரிசுக்குலுக்கல் சீட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது பொருள் கடிதம். நோரா அதை வாசித்தார். மகன் பெயர் வந்த இடத்தில் மட்டும் குரல் இறங்கியது.

இங்கே எல்லோரும் இருந்த இடத்திலிருந்தே பேசுவார்கள். நான் எழுந்து முன்னால் போனேன். மைக் இல்லாத குறையை என் தொண்டை நிரப்பியது. "பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சான்றோர்களே, இப்புனித மண்ணின் மைந்தர்களே" என்பதை ஆங்கிலத்தில் ஆக்கிச் சொன்னேன். சொல்லி முடிக்கவே ஒரு நிமிடமாயிற்று. இந்த மண்ணின் அடிமை வரலாறு, என் மண்ணின் அடிமை வரலாறு, இரண்டுக்கும் பொதுவான எஜமானர் என்று அடுக்கிக்கொண்டு போனேன். ஏழாவது நிமிடத்தில் பேட்ரிக்கை நோக்கிக் கை நீட்டி, சோதனைச் சாவடி, சேற்றுநிலம், வெறுங்கால் என்று படிப்படியாக ஏற்றி, நான்கு நாட்களாகச் செதுக்கிய வாக்கியத்துக்கு வந்தேன்:

"பூட்ஸைப் பறித்த கைகளுக்குப் பந்தைக் கொடுப்பதா?"

கைதட்டலுக்கு இடம் விட்டு நிறுத்தினேன். தேநீர்க் கொதிகலன் மட்டும் சத்தமிட்டது. நிறுத்தம் பயனளிக்கவில்லை என்று கண்டு இன்னும் நான்கு நிமிடம் பேசி, "தங்கள் தீர்ப்பை எதிர்நோக்குகிறேன்" என்று தலைவரை வணங்கினேன். அவர் தம் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

அப்போது பேட்ரிக்கின் அருகில் இருந்த அவருடைய மகள், முப்பது வயதுப் பெண், மெல்லக் கேட்டாள்: "அப்பா, என்ன பூட்ஸ்?"

அவள் கேட்ட பிறகுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு விளங்கியது. அவர் தம் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லாததை நான் மூன்றாவது பொருளின் கீழ் அறிவித்திருந்தேன்.

பேட்ரிக் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வேண்டாம்னு நான் யார்கிட்டயும் சொல்லலை" என்றார். கதவருகே நின்று, "வரட்டும்னும் சொல்லலை" என்றார். போய்விட்டார்.

நோரா கடிதத்தை நான்காக மடித்தார். என்னை அவர் பார்க்கவில்லை. "அடுத்த வாரம் பார்ப்போம்" என்றார் தலைவர். ஐந்து ஆண்டுகளாக அழைப்புக்காகக் காத்திருந்த ஒருவனுடைய வாசலையும் என் வாயால் சாத்தியிருந்தேன். யாரோ எனக்கு ஒரு சாண்ட்விச் கொடுத்தார்கள். இங்கே அது துக்க வீட்டிலும் கொடுப்பது.

வீட்டில் ஜெயா முழுவதையும் கேட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, சுற்றிவளைக்கத் தெரியாதவள். "அவிய நெஞ்சுக்குள்ள வச்சிருந்தத எடுத்து முப்பது பேருக்கு ஏலம் போட்டுட்டு வந்திருக்கிய. எதுத்துப் பேசுனாலும் ஆதரிச்சுப் பேசுனாலும் உங்களுக்குப் பேசணும், அம்புட்டுத்தான்."

யாழினி படம் வரைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அப்பா, பேட்ரிக்கை சேட் பண்ணிட்டீங்களா?" அவளுடைய தமிழில் இப்போது எல்லா வினைகளும், வருத்தப்படுத்துவதுகூட, 'பண்ணு' ஒன்றில் அடங்கிவிட்டன. அன்று அதைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை.

6

சனிக்கிழமை காலை, நான்கு பகுதிகள் கொண்ட மன்னிப்பு உரையோடு மைதானத்துக்குப் போனேன். பேட்ரிக் கோடு போடும் வண்டியில் வெள்ளைச் சாயம் நிரப்பிக்கொண்டிருந்தார். முதல் பகுதிக்கு வாயைத் திறந்தேன்.

"அந்த முனையைப் பிடி" என்றார்.

கயிற்றின் முனையைப் பிடித்தேன். அவர் மறுமுனையோடு நூற்றைம்பது கெஜம் நடந்து போனார். அவ்வளவு தூரத்திலிருக்கும் ஒருவரிடம் நான்கு பகுதி மன்னிப்பு கேட்க முடியாது. பக்கக்கோடு முடிந்தது, எல்லைக்கோடு முடிந்தது, இலக்குச் சதுரம் முடிந்தது. ஒரு மணி நேரத்தில் உரையின் மூன்று பகுதிகள் எனக்கே மறந்துபோயின.

கடைசியில் அருகில் வந்தபோது, "மன்னிச்சிடுங்க. கேக்காமச் சொல்லிட்டேன்" என்றேன்.

வண்டியின் சக்கரத்தில் ஒட்டியிருந்த புல்லை எடுத்தார். "மறுநாள் மக வந்து கேட்டா. ரெண்டு மணி நேரம் ஆச்சு எல்லாத்தையும் சொல்லி முடிக்க."

"அப்படியானா நல்லதுதானே..."

"நல்லதுன்னு நான் சொல்லலை."

வாயை மூடிக்கொண்டேன். பிறகு, முன்னுரை இல்லாமல், மேற்கோள் இல்லாமல், என் வாழ்நாளில் முதன்முறையாகப் பதில் என்னவென்று முன்பே தெரியாமல் ஒரு கேள்வி கேட்டேன். "அவங்க வரலாமா?"

அவர் என்னைப் பார்த்தார். "ஊர்ல இத்தனை பேர் இருக்காங்க. இதை என்கிட்டக் கேட்ட முதல் ஆள் நீ." மைதானத்தின் மறுகோடியைக் காட்டினார். "கயித்தை இழு. தளர்ந்திருக்கு."

இழுத்துப் பிடித்தேன்.

அடுத்த கூட்டத்தில் அவர் இருக்கையிலிருந்தே சொன்னார். "வரட்டும். ஜெர்சியோட வரட்டும், சீருடை வேண்டாம். கொடி வேண்டாம். வாத்தியம் வேண்டாம். படம் பிடிக்க வேண்டாம்." சற்று யோசித்தார். "பேச்சும் வேண்டாம்."

முப்பது தலைகள் என் பக்கம் திரும்பின. பிறகு அறையே சிரித்தது. நான்காண்டுகளில் இந்தத் தீவில் நான் பெற்ற முதல் அரங்கச் சிரிப்பு அது. அதற்காக நான் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

கை தூக்கியபோது இரண்டு பேர் எதிர்த்தார்கள். அதில் ஒருவர், "பையன் வரட்டும், எத்தனை தடவை வேணா வரட்டும். அந்தப் படையோட பேரு நம்ம ஸ்கோர் பலகையில ஏற வேண்டாம்" என்றார். ஓர் ஆண்டுக்கு முன் என்றால் இதற்கு என்னிடம் ஒன்பது மறுப்புகள் இருந்திருக்கும். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. தோற்ற பிறகு அவர்தான் மைதானத்து வாசல் கதவுக்கு எண்ணெய் போட்டார்.

7

ஆட்ட நாளில் எனக்கு ஒரு பொறுப்பு தந்தார்கள். கேலிக் கால்பந்தில் ஒவ்வொரு இலக்குக் கம்பத்தின் அருகிலும் வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர் நிற்பார். பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் வெள்ளைக் கொடி, வலைக்குள் போனால் பச்சைக் கொடி. வாயைத் திறக்கக் கூடாது. என்னை இதற்குத் தேர்ந்தெடுத்தது யார் என்று நான் விசாரிக்கவில்லை.

ராணுவ அணி சாதாரணப் பேருந்தில் வந்தது. கானர் கடைசியாக இறங்கினான். நோரா வாசலில் நின்று ஜெர்சிகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணியதையே திரும்ப எண்ணினார். பேட்ரிக் வரவில்லை.

இரண்டாம் பாதியில் திரும்பிப் பார்த்தபோது அவர் என் கம்பத்துக்குப் பின்னால், கைகளைப் பைக்குள் விட்டபடி நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. சற்று நேரத்தில் கானர் தூரத்திலிருந்து வலக்காலால் உதைத்த பந்து என் தலைக்கு நேர் மேலே, கம்பத்தைத் தாண்டிப் போனது. என் கழகத்துக்கு எதிரான புள்ளி. வெள்ளைக் கொடியைத் தூக்கினேன். கை நேராக இருந்ததாக ஜெயா பிற்பாடு சொன்னாள்.

நாங்கள் இரண்டு புள்ளியில் வென்றோம். விசில் ஊதியதும் கானர் எங்களிடம் வந்து, இரண்டு கை தூரத்தில் நின்றான். அவனும் பேசவில்லை, இவரும் பேசவில்லை. இந்த இடத்துக்குப் பொருத்தமான தொடக்க வாக்கியங்கள் என்னிடம் மூன்று இருந்தன என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். கொடியின் கம்பைப் பற்களால் கடித்துக்கொண்டேன்.

"இடது காலை இன்னும் பயன்படுத்த மாட்டேங்கிறே" என்றார் பேட்ரிக்.

"ஆமா" என்றான் கானர்.

"செவ்வாய்க்கிழமை ஊர்ல இருப்பியா?"

"புதன்தான் கிளம்பறேன்."

"செவ்வாய் ஆறு மணிக்குப் பயிற்சி. பூட்ஸ் எடுத்துட்டு வா."

வாசலில் நோரா நான்காவது முறையாக ஜெர்சிகளை எண்ணத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் மாரிச்சாமியை அழைத்தேன்.

"நீ என்னலே பேசின?"

"ஒண்ணும் பேசல."

"மேலுக்குச் சரியில்லையாலே? ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

நான் சிரிக்கவில்லை. "ஒண்ணு கேக்கணும்லே. பத்து வருசம் முந்தியே கேட்டிருக்கணும். அன்னைக்கு வன்னியம்பட்டிக்கு அந்த டீம் வந்திருக்கலாமா, கூடாதா?"

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. என் வழக்கப்படி அவனுடைய பதிலை நானே சொல்லிவிடாமல் இருக்க நாக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"வரட்டும்னுதாம்லே சொல்லியிருப்பேன்" என்றான். "ஆனா நாந்தான் சொல்லியிருப்பேன்."

ஐந்து சொற்கள். அதே முடிவுக்கு வர நான் இருபத்திரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டேன். போதாததற்குத் துண்டு வேறு வாங்கிக்கொண்டேன்.